சிறிய வால்வு கிட்டார் ஆம்ப்பில் ஸ்பிரிங் ரிவெர்ப் சேர்க்கும் முறை

ஃபெண்டர் சேம்ப் 5எஃப்1 ஆம்ப்பில் ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ரெக்டிஃபையராக ஒரு 5ஒய்3 என மூன்றே வால்வுகள் உள்ளன. இதில் ரிவெர்ப் (ஒலியை ஸ்பிரிங்குகள் வழியே அனுப்பி எதிரொலி போன்ற விளைவை உண்டாக்குவது) சேர்க்க மேலும் இரண்டு வால்வுகள் தேவை: ஸ்பிரிங்கை இயக்கும் டிரைவராக ஒரு 12ஏடி7, திரும்பி வரும் மெல்லிய ஒலியைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7. இவை ஒவ்வொன்றின் ஹீட்டரும் 6.3 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் இழுக்கும். பழைய பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் இந்தக் கூடுதல் 0.6 ஆம்பியரைத் தாங்காது என்றால், ஹீட்டருக்கென்றே தனியாக ஒரு சிறிய ட்ரான்ஸ்ஃபார்மர் வைப்பது நல்லது.

ஆம்ப்பைத் திறப்பதற்கு முன் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும் மின்னூட்டத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக வெளியேற்றி, மீட்டரில் சுழி வோல்ட் காட்டுகிறதா என்று பாருங்கள். அங்கே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அது உயிரைப் பறிக்கக்கூடியது.

பலர் தவறுவது, ரிவெர்ப் ஒலி நேரடி ஒலியுடன் கலக்கும் இடத்தில்தான். வால்யூம் கன்ட்ரோலிலிருந்தே டிரைவருக்குச் சிக்னலை எடுத்து, ரிவெர்ப்பையும் அங்கேயே கலந்தால், திரும்பி வரும் ஒலி மீண்டும் டிரைவருக்குள் நுழைந்து ஊளையிடும். அதைத் தடுக்க, புதிய 12ஏஎக்ஸ்7இல் உள்ள இரண்டு ட்ரையோடுகளில் (பெருக்கும் பகுதிகளில்) ஒன்றை வால்யூமுக்கு அடுத்த நிலையாக வையுங்கள். அதன் பிளேட்டிலிருந்து (வெளியீட்டு முனை) கப்ளிங் கெப்பாசிட்டரைக் கடந்து வரும் சிக்னல் இரண்டாகப் பிரிகிறது: ஒரு கிளை 500 பிகோஃபாரட் வழியாக டிரைவரின் கிரிட்டுக்கும் (உள்ளீட்டு முனை), மற்றொன்று 3.3 மெகாஓம் ரெசிஸ்டர் வழியாகப் பழைய 12ஏஎக்ஸ்7இன் இரண்டாம் ட்ரையோடின் கிரிட்டுக்கும் போகும். அந்த கிரிட்டிலிருந்து தரைக்கு 220 கிலோஓம் இருப்பதால் நேரடி ஒலி பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். இந்த இழப்பு வேண்டுமென்றே ஏற்படுத்துவது. இரு பாதைகளையும் பிரித்து வைப்பதே இதுதான். இழந்ததை, நாம் சேர்த்த ட்ரையோடு ஈடுகட்டிவிடுகிறது.

டிரைவரின் கிரிட்டிலிருந்து தரைக்கு 1 மெகாஓம் இட்டால், அது அந்த 500 பிகோஃபாரட்டுடன் சேர்ந்து ஏறத்தாழ 320 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்சுரங்களைக் குறைத்துவிடும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் குழம்பிய ஒலியையே தரும். 12ஏடி7இன் இரு பாதிகளையும் இணையாக இணைத்து, கேத்தோடில் 2.2 கிலோஓமும் 25 மைக்ரோஃபாரட்டும் வைத்து, பிளேட்டுகளை ரிவெர்ப் ட்ரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்றுக்குக் கொடுங்கள். இந்த இணைப்புக்குப் பொருந்துவது 4ஏபி3சி1பி டேங்க் (ஸ்பிரிங்குகள் உள்ள பெட்டி). வாங்கியதும் மீட்டரில் பாருங்கள்: உள்ளீட்டுச் சுருளில் 1 ஓமுக்கும் குறைவாகவும், வெளியீட்டுச் சுருளில் ஏறத்தாழ 200 ஓமும் காட்ட வேண்டும். இரண்டையும் மாற்றி இணைத்தால் ரிவெர்ப் கேட்காது.

டேங்கின் வெளியீட்டுச் சிக்னல் புதிய 12ஏஎக்ஸ்7இன் மறுபாதியில் பெருகி, 0.003 மைக்ரோஃபாரட் வழியாக 100 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டருக்கும் (ரிவெர்ப் அளவைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோல்), அதன் நடுமுனையிலிருந்து 470 கிலோஓம் வழியாக அதே கலப்பு கிரிட்டுக்கும் வரும்.

ஆம்ப்பை இயக்கியபின் டேங்கை விரலால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் இடி போல ஒலித்தும் கிட்டாருக்கு ரிவெர்ப் இல்லையென்றால், கோளாறு டிரைவர் பக்கம்தான் இருக்கும். தட்டியும் ஒலி வரவில்லையென்றால், திரும்பி வரும் பாதையைச் சோதியுங்கள். இரைச்சல் கேட்டால், டேங்கின் வெளியீட்டு முனை பவர் ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து விலகியிருக்கும்படி டேங்கைத் திருப்பிப் பாருங்கள்; இரைச்சல் மிகக் குறையும் நிலையைக் கண்டுபிடித்த பிறகே திருகுகளை முடுக்க வேண்டும்.