எழுத்தாளரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுமுன்

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு சிறுகதையாளரைப் பற்றிப் பேசுவோம். வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு பக்கக் குறிப்பு தயாரிப்பது என் பொறுப்பு. ஒருமுறை அந்த எழுத்தாளரே வந்திருந்தார். என் குறிப்பில் அவருக்குப் பதினான்கு தொகுப்புகள் என்று இருந்தது. பேச எழுந்தவர் முதலில் சொன்னது, "ஒன்பதுதான்" என்று. கூட்டத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒருவருடைய நாற்பது வருட உழைப்பை, அவர் கண்ணெதிரேயே தப்பாக எண்ணியிருந்தேன்.

'தேர்ந்தெடுத்த சிறுகதைகள்', 'முழுத் தொகுப்பு', பதிப்பகம் மாறியபோது வேறு தலைப்பில் வந்த மறுபதிப்பு என எல்லாவற்றையும் தனித்தனிப் புத்தகமாகச் சேர்த்துவிட்டேன். அட்டையைப் பார்த்து எண்ணினால் இப்படித்தான் ஆகும். தலைப்புப் பக்கத்தைப் புரட்டினால் பின்னால் பொடி எழுத்தில் 'முதல் பதிப்பு' என்று ஒரு வரி இருக்கும். அதைப் பாருங்கள். பெரிய தொகுப்பு என்றால் பொருளடக்கத்தை முந்தைய புத்தகங்களோடு ஒத்துப் பாருங்கள். சில தொகுப்புகளில் கதை முடிகிற இடத்தில், அது முதலில் வந்த பத்திரிகையின் பெயரும் ஆண்டும் இருக்கும். அந்த ஒரு வரி எனக்குப் பொக்கிஷம். கதை எழுதப்பட்ட காலம் ஒன்று, புத்தகமான காலம் வேறு என்பதை அதை வைத்துத்தான் பிடிக்க முடியும்.

விருதிலிருந்து தொடங்குவது அடுத்த தவறு. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். அம்பையை "2021 சாகித்திய அகாதெமி விருதாளர்" என்று அறிமுகப்படுத்துகிறார்கள். 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை' தொகுப்புக்கு அந்த விருது கிடைத்தது, சரி. ஆனால் அவருடைய 'சிறகுகள் முறியும்' தொகுப்பு 1976இலேயே வந்துவிட்டதே! இடையில் நாற்பத்தைந்து வருடம். சி. எஸ். லக்ஷ்மி என்ற சொந்தப் பெயரில் ஆய்வாளராக அவர் இயங்கியதும், பெண்களின் வாழ்வையும் படைப்பையும் ஆவணப்படுத்த 1988இல் மும்பையில் 'ஸ்பாரோ' அமைப்பு உருவாகக் காரணமாக இருந்ததும் அந்த இடைவெளியில்தான். விருதை முதல் வரியில் வைத்தால் இத்தனையும் காணாமல் போய்விடுகிறது. குறிப்பின் கடைசியில் வைத்துப் பாருங்கள், அந்த ஆளே வேறு உயரத்தில் தெரிவார்.

விருது எந்தப் புத்தகத்துக்கு என்பதையும் சரிபார்க்க வேண்டும். அசோகமித்திரனுக்கு 1996இல் கிடைத்தது 'அப்பாவின் சிநேகிதர்' சிறுகதைத் தொகுப்புக்கு. நாவல்கள் அதிகம் பேசப்படுவதால் விருதையும் நாவல் கணக்கில் எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. நாஞ்சில் நாடனின் 'சூடிய பூ சூடற்க' (2010), வண்ணதாசனின் 'ஒரு சிறு இசை' (2016) என விருது பெற்ற இரண்டும் சிறுகதைத் தொகுப்புகளே.

பெயர்க் குழப்பம் தனி. வண்ணதாசனும் கல்யாண்ஜியும் ஒருவரே. கதைக்கு ஒரு பெயர், கவிதைக்கு ஒரு பெயர். வண்ணதாசனும் வண்ணநிலவனும் இரண்டு பேர். இருவரும் திருநெல்வேலிப் பக்கம், ஏறக்குறைய ஒரே வயது, பெயரும் ஒரே மாதிரி தொடங்குகிறது. அவசரத்தில் வண்ணநிலவனின் 'எஸ்தர்' கதையை வண்ணதாசன் பெயரில் எழுதிவிட வேண்டாம்.

எழுதாத வருடங்களைத் தாண்டிப் போவதும் தவறுதான். அ. முத்துலிங்கத்தின் 'அக்கா' 1964இல் வந்தது. அடுத்த தொகுப்பு 'திகடசக்கரம்' 1995இல். "இடைவெளிக்குப் பின் மீண்டும் எழுதினார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்தவர் வேலைக்காக ஆப்பிரிக்க நாடுகளிலும் பாகிஸ்தானிலும் வாழ்ந்தது அந்த முப்பது வருடத்துக்குள்தான் வருகிறது. பின்னால் எழுதிய கதைகளில் அந்த ஊர்களும் மனிதர்களும் வந்துகொண்டே இருப்பார்கள். எழுதாமல் இருந்த காலத்தில்தான் கதைகள் சேர்ந்திருக்கின்றன என்று நான் நினைக்கிறேன்.

அவர் கதைகளில் 'நான்' அடிக்கடி வரும். அதனாலேயே கதையில் நடந்ததைத் தூக்கி வாழ்க்கைக் குறிப்பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவருடைய நாவல் ஒன்றின் தலைப்பே 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்'. கலந்திருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார், பிரித்தெடுக்கும் வேலை நமக்கு வேண்டாம். பேட்டியிலோ கட்டுரையிலோ எழுத்தாளர் சொந்த வாயால் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பிழைப்புக்குப் பார்த்த வேலையை விட்டுவிடக் கூடாது. "தனியார் நிறுவனத்தில் பணி" என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் பதினான்கு வருடம் இருந்தார் என்றால் அவர் எழுதிய சினிமா உலகத்துக்குள் வாசகர் எளிதாக நுழைவார். நாஞ்சில் நாடன் மும்பையில் வேலை பார்த்தவர், விற்பனைக்காக ஊர் ஊராக அலைந்தவர் என்று தெரிந்தால் அவர் கதைகளில் வரும் ரயிலும் ஓட்டல் சாப்பாடும் வேறு மாதிரி படிக்கக் கிடைக்கும்.

வீட்டு முகவரி, கைபேசி எண், உடல்நலம், குடும்பத் தகராறு எதுவும் குறிப்பில் வேண்டாம். ஒரு பெண் எழுதுகிறார் என்றால் கணவர் யார், பிள்ளைகள் எத்தனை பேர் என்று தொடங்கும் பழக்கமும் வேண்டாம். ஆண் எழுத்தாளருக்கு நாம் அப்படித் தொடங்குவதில்லையே.

அப்புறம், "இதுவரை ஒன்பது தொகுப்புகள்" என்று எழுதாதீர்கள். நம் தாள் யாரோ ஒருவர் புத்தகத்துக்குள் பத்து வருடம் மடிந்து கிடக்கும். அதற்குள் அவர் இன்னும் மூன்று எழுதியிருப்பார். நான் இப்போதெல்லாம் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே ஆண்டைப் போட்டுவிடுகிறேன். முடிந்தால் அச்சடிக்கும் முன் எழுத்தாளருக்கே ஒரு பிரதி அனுப்பி, பென்சிலால் திருத்தித் தரச் சொல்கிறேன்.