உங்கள் ஊரின் பகல் நீளத்தை நீங்களே கணக்கிடும் முறை

ஓர் ஊரில் பகல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது ஒரு கேள்வி. அங்கே கடிகாரத்தில் எத்தனை மணிக்கு விடிகிறது என்பது வேறு கேள்வி. முதலாவதை அட்சரேகையும் தேதியும் தீர்மானிக்கின்றன. இரண்டாவதில் தீர்க்கரேகையும் நேர மண்டலமும் சேர்ந்துகொள்கின்றன. சிங்கப்பூரில் காலை ஏழு மணியளவில்தான் சூரியன் உதிக்கிறது என்று கேட்டவுடன் அங்கே பகல் குறைவு போலும் என்று எண்ணிவிடுவது இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான். உண்மையில் அங்கே ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரத்துக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகவே இருக்கிறது. எனவே பகல் நீளத்தை முதலில் தனியாகக் கண்டுபிடித்துவிட்டு, அதன் பிறகே கடிகாரத்துக்கு வர வேண்டும்.

முதலில் தேவைப்படுவது, குறிப்பிட்ட தேதியில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு எத்தனை டிகிரி வடக்கே அல்லது தெற்கே நிற்கிறது என்ற விவரம். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால், ஜூன் 21 அளவில் சூரியன் அத்தனை டிகிரி வடக்கிலும் டிசம்பர் 21 அளவில் அத்தனை டிகிரி தெற்கிலும் இருக்கும்; மார்ச் 20, செப்டம்பர் 22 ஆகிய நாட்களை ஒட்டி நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வரும். இடைப்பட்ட தேதிகளுக்கு, ஆண்டின் எத்தனையாவது நாள் என்று எண்ணி, அதிலிருந்து 81-ஐக் கழித்து, 360-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்து, வரும் கோணத்தின் சைன் மதிப்பை 23.4-ஆல் பெருக்கினால் விடை ஏறக்குறைய ஒரு டிகிரி முன்பின்னாகக் கிடைக்கும். விடை கழித்தல் குறியோடு வந்தால் சூரியன் தெற்கே இருக்கிறது என்று பொருள்.

அடுத்து, உங்கள் ஊரின் அட்சரேகையின் டேன் மதிப்பையும் சூரியன் நிற்கும் கோணத்தின் டேன் மதிப்பையும் பெருக்குங்கள். கால்குலேட்டரில் அந்த விடைக்கு சைன் இன்வர்ஸ் எடுத்து, வரும் டிகிரியை எட்டால் பெருக்கினால், பகல் 12 மணி நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் விலகுகிறது என்பது தெரியும். சென்னை 13.1 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஜூன் 21-க்கு இரண்டு டேன் மதிப்புகளின் பெருக்கல் 0.10; அதன் கோணம் 5.8 டிகிரி, ஆக, 46 நிமிடம் கூடுதல். டிசம்பர் 21-க்கு அதே 46 நிமிடம் குறைவு. லண்டனுக்கு, 51.5 டிகிரி என்பதால், விலகல் 264 நிமிடம், அதாவது நான்கரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நார்வேயின் ட்ரொம்சோவுக்கு ஜூன் 21-இல் இதைச் செய்து பார்த்தால் பெருக்கல் ஒன்றைத் தாண்டிவிடும், கால்குலேட்டர் பிழை காட்டும். கணக்கில் தவறில்லை, அன்று அங்கே சூரியன் மறைவதே இல்லை.

கிடைத்த விடையோடு இன்னும் சில நிமிடங்களைக் கூட்ட வேண்டும். சூரியனின் மேல் விளிம்பு தெரிந்தாலே உதயம் என்று கொள்கிறோம். தவிர, காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால், அடிவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனும் நம் கண்ணுக்குத் தெரிகிறது. இவ்விரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டில் ஏறக்குறைய 7 நிமிடமும் லண்டனில் ஜூன் 21, டிசம்பர் 21 அளவில் 14 நிமிடமும் பகலை நீட்டுகின்றன. அப்படிப் பார்த்தால் சென்னையின் மிக நீண்ட பகல் 12 மணி 53 நிமிடம், மிகக் குறுகிய பகல் 11 மணி 21 நிமிடம். லண்டனில் இவை முறையே 16 மணி 38 நிமிடம், 7 மணி 50 நிமிடம்.

இனிக் கடிகாரம். ஒரு டிகிரி தீர்க்கரேகைக்கு நான்கு நிமிடம் என்பது அடிப்படை. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்கை ஒட்டி அமைந்தது, சென்னை 80.3 டிகிரியில் இருப்பதால் இங்கே நடுப்பகல், அதாவது சூரியன் உச்சிக்கு வரும் நேரம், சராசரியாக 12 மணி 9 நிமிடத்துக்கு வருகிறது. (1906-இல் இந்திய நேரம் நடைமுறைக்கு வருவதற்கு முன் ரயில்வே பின்பற்றிய மதராஸ் நேரம், இதே ஒன்பது நிமிடம் பிந்தியதுதான்.) சிங்கப்பூர் 103.8 டிகிரியில் இருந்துகொண்டு 120 டிகிரிக்குரிய நேரத்தை வைத்திருப்பதால், அங்கே நடுப்பகல் ஒரு மணியைத் தாண்டி வருகிறது. தாமதமாக விடிவதற்கு அது ஒன்றே காரணம். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாடுகளில் அந்த ஒரு மணியையும் கூட்டிக்கொள்ளுங்கள். பகலின் நீளம் அதனால் மாறுவதில்லை.

பலர் விட்டுவிடும் திருத்தம் ஒன்று உண்டு. பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அச்சு சாய்ந்தும் இருப்பதால், நடுப்பகல் நவம்பர் தொடக்கத்தில் சராசரியைவிட 16 நிமிடம் முந்தியும் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் 14 நிமிடம் பிந்தியும் வருகிறது. ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களை ஒட்டி வேறுபாடு இல்லை. நம் ஊர்களில் பகல் நீளம் அதிகம் மாறாததால், உதய நேரத்தை இதுவும் கணிசமாக ஆட்டிவைக்கிறது. சென்னையில் நவம்பர் 20 அன்று நடுப்பகல் 11.55 மணிக்கும், ஜனவரி 20 அன்று 12.20 மணிக்கும் வருகிறது. இரு நாட்களிலும் பகலின் நீளமோ கிட்டத்தட்ட ஒன்றே, பதினொன்றரை மணி நேரம். பாதியை நடுப்பகலிலிருந்து கழித்தால் உதயம், கூட்டினால் அஸ்தமனம். எனவே சூரியன் நவம்பரில் 6.10-க்கு உதித்து 5.39-க்கு மறைகிறது, ஜனவரியில் 6.35-க்கு உதித்து 6.04-க்கு மறைகிறது. மார்கழியில்தான் பகல் மிகக் குறுகியது என்றாலும், தை பிறந்த பிறகும் விடியல் சில நாட்கள் தள்ளிக்கொண்டே போவதன் காரணம் இதுவே.

சமதரையில் ஒரு குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் குறித்துக்கொண்டால், நடுப்பகல் கணக்கைச் சரிபார்த்துவிடலாம். உதய, அஸ்தமன நேரங்களைக் கண்ணால் சரிபார்க்கக் கடற்கரையோ பரந்த வயல்வெளியோ வேண்டும். மேற்கே மலை நிற்கும் கம்பம் போன்ற ஊர்களில் சூரியன் கணக்குக்கு முன்பே மறைந்துவிடும்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு ராகு காலம் பார்ப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை என்ற அட்டவணை, ஆறு மணி உதயத்தையும் 12 மணி நேரப் பகலையும் வைத்து, பகலை எட்டாகப் பங்கிட்டு இரண்டாம் பங்கை எடுத்துக்கொண்டது. லண்டனில் டிசம்பர் 21 அன்று 8.04-க்குத்தான் உதயம், 7.30-க்கு அங்கே சூரியனே வந்திருக்காது. அன்றைய பகலில் எட்டில் ஒரு பங்கு ஏறக்குறைய 59 நிமிடம். அந்த நாள் திங்கட்கிழமையானால், இரண்டாம் பங்கு 9.03 முதல் 10.02 வரை.