எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: தேதி குறித்த நாளிலிருந்தே தொடங்க வேண்டிய ஒத்திகை

எனக்கு ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் காலை, செவிலியர் மருந்து அளக்கும் சின்னக் கிண்ணம் ஒன்றைக் கையில் கொடுத்தார். அதில் 30 மி.லி. தண்ணீர். "கால் மணி நேரத்தில் குடித்து முடித்தால் போதும், அவசரமே வேண்டாம்" என்றார். இரண்டு வாய்த் தண்ணீருக்கு எதற்குக் கால் மணி நேரம் என்று நினைத்துக்கொண்டே முதல் வாயை விழுங்கினேன். நெஞ்சுக்குக் கீழே கெட்டியாக ஏதோ அடைத்தது போலிருந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் நான் விசாரிக்காத விஷயம் இல்லை. ஆனால் மெதுவாகத் தண்ணீர் குடிக்க மட்டும் பழகவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு எப்படி வாழப்போகிறோமோ, அப்படி முன்பே கொஞ்சம் வாழ்ந்து பார்த்துவிட வேண்டும். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது அதுதான். உங்கள் மருத்துவர் சொல்வது இதிலிருந்து மாறுபட்டால் அவர் சொல்வதையே கேளுங்கள். உங்கள் உடம்பை நேரில் பார்ப்பவர் அவர்.

படி 1: உள்ளே என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இப்போது அதிகம் செய்யப்படுபவை இரண்டு. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒடுங்கிய ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுக்கும் பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் முதல் மாதங்களில் பசியே குறைந்துவிடும். எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வைக்க முடியாது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறிய பையைப் பிரித்து, சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள். சாப்பிடுவது மீதி இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியையும் தொடாமல் போய்விடும். இரண்டுமே பொதுவாக வயிற்றில் சில சிறு துளைகள் வழியாகச் செய்யப்படுபவை.

தெரிந்தவர் ஒருவர் ஸ்லீவ் செய்துகொண்டார் என்பதற்காக நமக்கும் அதுவே சரி என்று முடிவு செய்யாதீர்கள். நெஞ்செரிச்சல் தொல்லை உள்ளவர்களுக்கு ஸ்லீவுக்குப் பிறகு அது கூடலாம். பைபாஸில் பெரும்பாலும் குறையும். அதற்கு மாறாக, பைபாஸில் சத்துக்குறைவு வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே நெஞ்செரிச்சல் இருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்.

யாருக்கெல்லாம் இது பொருந்தும்? 1991-இல் வகுத்த பழைய வரம்பு பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் எண்) 40, அல்லது தீவிரமான துணை நோய்கள் இருந்தால் 35. அமெரிக்க, சர்வதேச பேரியாட்ரிக் (எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை) சங்கங்கள் 2022-இல் இதைத் தளர்த்தின. இப்போது 35-க்கு மேல் என்றால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம். 30-லிருந்து 35 வரை இருந்து, சர்க்கரை நோய் போன்றவையும் இருந்தால் பரிசீலிக்கலாம். ஆசிய மக்களுக்கு 27.5-இலிருந்தே பேசலாம் என்கிறது அந்த வழிகாட்டுதல்.

உயிர் ஆபத்து எவ்வளவு என்ற கேள்வியை வீட்டில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். முதல் 30 நாட்களில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர். பித்தப்பையை அகற்றும் அறுவை சிகிச்சையோடு ஒப்பிடத்தக்க அளவு இது. குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. அதை அவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

படி 2: எவ்வளவு குறையும் என்று பேப்பரில் கணக்குப் போடுங்கள்

மனதுக்குள் எல்லோரிடமும் ஒரு எண் இருக்கும். திருமணத்தின்போது இருந்த எடை, கல்லூரியில் இருந்த எடை என்று. அந்த எண்ணை முதலில் எடுத்து வெளியே வையுங்கள்.

உயரம் 160 செ.மீ., எடை 120 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உயரத்தை மீட்டரில் எடுத்து அதையே அதால் பெருக்கினால் 1.6 × 1.6 = 2.56. எடையை இதால் வகுத்தால் பி.எம்.ஐ. கிட்டத்தட்ட 47. பி.எம்.ஐ. 25 வர வேண்டுமானால் 25 × 2.56 = 64 கிலோ இருக்க வேண்டும். ஆக, கூடுதல் எடை 56 கிலோ.

டாக்டர் "60 சதவீதம் குறையும்" என்றால் 120-இல் 60 சதவீதம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அவர் சொல்வது பெரும்பாலும் கூடுதல் எடையில் 60 சதவீதம். 56-இல் 60 சதவீதம் என்றால் சுமார் 34 கிலோ. ஆக 120 கிலோ 86 கிலோவாகும். ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால் கூடுதல் எடையில் 50 முதல் 70 சதவீதம் என்று வைத்துப் பார்த்தால் 81-க்கும் 92-க்கும் இடையில் எங்கோ நிற்கும். 64-ஐ எதிர்பார்த்து உள்ளே போனவருக்கு 86 தோல்வியாகத் தெரியும். 86-ஐ எதிர்பார்த்துப் போனவருக்கு அது மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காத நாள், பாதியாகக் குறைந்த மாத்திரை டப்பா.

இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் மொத்த எடையில் சராசரியாக 32 சதவீதம் இழந்தார்கள். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது அது 25 சதவீதமாக இருந்தது. நம் 120 கிலோ உதாரணத்தில் 38 கிலோ குறைந்து, அதில் எட்டு கிலோ மெல்லத் திரும்பி வருகிறது. இது உடம்பின் இயல்பு. இதை முன்கூட்டியே அறிந்தவர், மூன்றாம் ஆண்டில் இரண்டு கிலோ ஏறியதும் "எல்லாம் வீண்" என்று கைவிட மாட்டார். டயட்டீஷியனுக்குப் போன் செய்வார்.

அதனால் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை அறுவை சிகிச்சை செய்திருக்கிறீர்கள் என்று கேட்பதோடு, "இரண்டாம் ஆண்டு என்னை யார் பார்ப்பார்கள்?" என்றும் கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விதான் முக்கியம். பதில் தயங்கி வந்தால் வேறு இடமும் விசாரிப்பேன்.

படி 3: பரிசோதனைகளும் மருந்துப் பட்டியலும்

ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., வயிற்று ஸ்கேன், பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி, தேவைப்பட்டால் தூக்கப் பரிசோதனை. உடல் எடை அதிகமாக இருப்பவர்களுக்குச் சத்துக்குறைவு இருக்காது என்பது தவறான நம்பிக்கை. வைட்டமின் டி, இரும்புச்சத்து, பி12 குறைவு முன்பே இருப்பது சகஜம். அதைச் சரிசெய்துவிட்டு உள்ளே போவது நல்லது. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொன்னால் அதை மயக்க மருந்து நிபுணரிடம் மறைக்காதீர்கள். ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது) இருப்பது தெரிந்து, தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் சி.பாப் கருவி கொடுத்தால், அதை மருத்துவமனைக்கும் எடுத்துப் போக வேண்டும்.

நீங்கள் சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள், எப்போதாவது போடும் வலி மாத்திரை, கருத்தடை மாத்திரை, மூலிகை மருந்து உட்பட. சில சர்க்கரை மருந்துகளைச் சில நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ரத்தத்தை இளக்கும் மருந்துகளுக்கும் தனிக் கணக்கு உண்டு. எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

படி 4: புகையை விடுங்கள்

குறைந்தது ஆறு வாரம் முன்பே, அப்புறம் திரும்பத் தொடவே கூடாது. நுரையீரல் தொல்லை, காயம் ஆறாமை, பைபாஸ் செய்தால் இணைப்பு இடத்தில் புண் என்று எல்லாவற்றையும் புகை கூட்டுகிறது. மதுவும் ஆபரேஷனுக்குப் பின், குறிப்பாகப் பைபாஸுக்குப் பின், வேகமாக ஏறும். முன்பு தாங்கிய அளவு இனித் தாங்காது.

படி 5: சாப்பாட்டு ஒத்திகை

நான் தவறவிட்டது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். ஒரு பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சிறு சிறு வாயாகக் குடித்துப் பழகுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு நாளுக்கு ஒன்றரை லிட்டராவது இப்படித்தான் உள்ளே போக வேண்டும், மடமடவென்று குடிக்க வழியே இருக்காது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கும் பழக்கத்தையும் இப்போதே விடுங்கள். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். கேட்க எளிது, செய்ய எனக்கு இரண்டு வாரம் ஆனது.

அடுத்தது மெல்லுவது. சின்னத் தட்டு, சின்ன ஸ்பூன். ஒரு வாய் எடுத்ததும் ஸ்பூனைக் கீழே வையுங்கள். கூழாகும் வரை மென்று விழுங்கியபின் மறுபடி எடுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபது முதல் முப்பது நிமிடம். தட்டில் புரதத்தை முதலில் முடியுங்கள். பின்னாளில் நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவைப்படும், அதை இத்தனை சின்ன வயிற்றில் அடக்க வேறு வழி இல்லை.

வயிறு நிறைந்த உணர்வும் மாறிவிடும். பழைய கனமான நிறைவு வராது. எனக்கு மூக்கு ஒழுகும், சிலருக்கு விக்கல், சிலருக்கு நெஞ்சில் லேசான அழுத்தம். அதற்கு மேல் ஒரு வாய் போட்டால் வாந்திதான். தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்று சொல்லியே வளர்ந்தவர்களுக்கு இது மனக்கஷ்டமாக இருக்கும். மிச்சம் வைத்துப் பழகுங்கள், தவறில்லை.

படி 6: கடைசி இரண்டு வாரக் கல்லீரல் உணவு

இரைப்பையின் மேல் கல்லீரலின் இடப்பகுதி படிந்திருக்கிறது. கொழுப்பு சேர்ந்து அது வீங்கியிருந்தால், அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்வது அறுவை மருத்துவருக்குச் சிரமம். அதனால் பெரும்பாலான இடங்களில் சுமார் இரண்டு வாரம், நாளுக்கு 800 முதல் 1000 கலோரி, மாவுச்சத்து குறைவு, புரதம் அதிகம் என்று உணவு தருகிறார்கள். கல்லீரல் தெளிவாகவே சுருங்குகிறது.

மூன்றாம் நாள் தலைவலியும் எரிச்சலும் வரலாம், பிறகு அடங்கும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இந்த உணவைத் தொடங்கும் முன்பே அளவை மாற்றிக்கொள்ள மருத்துவரிடம் பேச வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். "கடைசித் தடவை" என்று சொல்லி விருந்து சாப்பிடும் ஆசை இந்த நாட்களில்தான் வரும். வேண்டாம்.

படி 7: ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

ஒரு நோட்டில் மூன்று பத்தி: நேரம், சாப்பிட்டது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. என் நோட்டில் இரவு பத்தரை மணி திரும்பத் திரும்ப வந்தது. எல்லோரும் தூங்கியபின், அன்றைய கோபத்தையெல்லாம் சமையலறையில் நின்றபடி தின்றுகொண்டிருந்தேன். வயிற்றைச் சின்னதாக்கலாம், அந்த இரவு பத்தரையை வெட்டி எடுக்க முடியாது. மனநல ஆலோசகரிடம் நான் போனது அந்த நோட்டோடுதான். பல மருத்துவமனைகளில் இந்தச் சந்திப்பு கட்டாயம்; உங்களைத் தகுதியிழக்கச் செய்யும் தேர்வாக நினைத்து எதையும் மறைக்காதீர்கள்.

படி 8: வரப்போவதை வீட்டில் சொல்லி வையுங்கள்

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் வாரத்தையொட்டி எடை அசையாமல் நிற்கலாம். அது தற்காலிகம். மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் முடி கொட்டலாம். சத்து சரியாக இருந்தால் பெரும்பாலும் திரும்ப முளைக்கும். தோல் தொங்கலாம், எந்தக் க்ரீமும் அதை இறுக்காது. வேகமாக எடை குறையும்போது பித்தப்பைக் கல் உருவாகலாம் என்பதால் சிலருக்கு ஆறு மாதம் மாத்திரை தருவார்கள். வைட்டமின், கால்சியம், பி12 வாழ்நாள் முழுக்க. கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்துப் போடாமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் 12 முதல் 18 மாதம் தள்ளிப்போட வேண்டும். எடை குறையக் குறையக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும், பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. வேறு வழியை முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 9: முந்தைய நாள்

பைக்குள் தளர்ந்த உடை, குனியாமல் மாட்டும் செருப்பு, நீளமான சார்ஜர், மருந்துப் பட்டியல். எப்போதிலிருந்து சாப்பிடக் கூடாது, தண்ணீர் எதுவரை என்ற நேரங்களைப் போனில் அலாரமாக வையுங்கள். கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையாமல் இருக்க ஆபரேஷன் நடந்த அன்றைக்கே எழுந்து நடக்கச் சொல்வார்கள், வலித்தாலும் நடங்கள். இடுப்பு, கை, தொடை அளவுகளை இன்றே டேப்பால் எடுத்து வையுங்கள். எடை நிற்கும் வாரங்களில் டேப் அசையும்.

கடைசியாக ஒரு தாளில் பெரிய எழுத்தில் இதை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டுங்கள்: காய்ச்சல், நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டும் நாடித்துடிப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்குதல், தண்ணீர்கூட உள்ளே நிற்காத வாந்தி. அதன் கீழே மருத்துவமனையின் இரவு நேர எண். வீட்டில் இருப்பவர்களிடம் அந்தத் தாளைக் காட்டி, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பையை மூடுங்கள்.