விவாதமா, வாக்குவாதமா, கலந்தாலோசனையா? எத எங்க போடணும்

நாலு பேர் உக்காந்து பேசினாலே "விவாதம்"னு எழுதிடுறாங்க, எனக்கு அது ரொம்ப உறுத்துது. எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க, அந்த பேச்சு எதுக்காக நடக்குது?

முடிவு எடுக்கத்தான்னா கலந்தாலோசனை. தங்கச்சி கல்யாணத்துக்கு மண்டபம் பாக்க போனப்ப அப்பா மேனேஜர்கிட்ட "வீட்ல கலந்து பேசிட்டு சொல்றோம்"னார், அங்க போய் "விவாதிச்சிட்டு சொல்றோம்"னு சொல்லியிருந்தா வீட்ல ஏதோ தகராறுன்னுதான் அவர் நினைச்சிருப்பார். முடிவு அவசியமில்ல, சும்மா கருத்த பகிர்ந்துக்கறோம்னா கலந்துரையாடல்.

விவாதம்னா மாறுபட்ட கருத்து இருக்கணும், காரணம் சொல்லி மோதணும், சட்டசபைல பட்ஜெட் மேல நடக்குதே அது மாதிரி. குரல் ஏறி, காரணம் போய் கோவம் மட்டும் மிஞ்சினா அது வாக்குவாதம். பஸ்ல சில்லறைக்கு நடக்கறது இதுதான், தயவுசெஞ்சு அத விவாதம்னு போடாதீங்க.

எனக்கு ரொம்ப பிடிச்ச வார்த்தை விதண்டாவாதம். வீம்புக்கு பேசறதுன்னு மட்டும் நினைக்கறோம், ஆனா நியாய சாஸ்திரத்துல, அதாவது தர்க்கத்த பத்தி பேசற பழைய இந்திய தத்துவ மரபுல, இதுக்கு துல்லியமான அர்த்தம் இருக்கு, தன் பக்கம்னு எதையும் நிறுவாம அடுத்தவர் சொல்றத மட்டும் உடைச்சிட்டே இருக்கறது. உண்மைய தேடி பேசினா வாதம், ஜெயிக்கறதுக்காகவே பேசினா ஜல்பம்னு தனித்தனியா பேரே வச்சிருக்காங்க பாருங்க! அதனால "சரி, உங்க கருத்து என்ன"ன்னு கேட்டுப் பாருங்க, கடைசி வரைக்கும் பதிலே வரலன்னா தைரியமா விதண்டாவாதம்னு எழுதலாம்.

பட்டிமன்றத்துக்கு மேடை, தலைப்பு, ரெண்டு அணி, தீர்ப்பு சொல்ல நடுவர் எல்லாம் வேணும், டீக்கடை பேச்சுக்கு அது பொருந்தாது, அது அரட்டை.