சிறைக்கு ஆய்வுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரிலிருந்து எல்லை தாண்டிச் சித்தூர்ப் பக்கத்துச் சிறைகளுக்குக் கைதிகளின் ஆளுமைக் கோளாறுகளை ஆராயப் போகும் மாணவர்களின் மதிப்பீட்டுத் தாள்களைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஆண்டுதோறும் புது முகங்கள் வருகின்றன. தவறுகள் மட்டும் பழையவை, நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த அதே தவறுகள். கூட்டலில் பிழை, ஒப்புதல் படிவத்தில் தேதி விட்டுப்போவது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவை வழிகாட்டியின் கண்ணில் பட்டு அன்றே திருந்திவிடும். ஒரு மனிதரின் பெயரோடு ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும் தவறுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

இரண்டு பெயர்களையும் ஒன்றாக எழுதுவது

தலைப்பில் சைக்கோபதி என்று இருக்கும். உள்ளே பயன்படுத்திய அளவுகோல் சமூக விரோத ஆளுமைக் கோளாறுக்கானது. இது அடிக்கடி நடக்கிறது.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம்-5 சொல்லும் சமூக விரோத ஆளுமைக் கோளாறு பெரும்பாலும் நடத்தையைப் பார்க்கிறது. சட்டத்தை மீறுவது, பொய், முன்யோசனை இல்லாமை, அடிதடி, உயிரைப் பொருட்படுத்தாத துணிச்சல், பொறுப்பின்மை, வருத்தமின்மை என்ற ஏழில் மூன்று இருந்தால் போதும். வயது 18 ஆகியிருக்க வேண்டும், 15 வயதுக்கு முன்பே நடத்தைக் கோளாறு தொடங்கியதற்குச் சான்றும் வேண்டும். சைக்கோபதி வேறு வழியில் வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லி 1941-இல் விவரித்ததை, பிற்பாடு கனடாவின் ராபர்ட் ஹேர் அளவுகோலாக்கினார். அங்கே நடத்தையோடு சேர்த்து ஆளின் உள்ளமும் கணக்கில் வருகிறது: மேலோட்டமான வசீகரம், தற்பெருமை, பிறரை ஏய்க்கும் சாமர்த்தியம், ஈரமில்லாத நெஞ்சு.

12 நாடுகளில் நடந்த 62 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் ஒரு கட்டுரை வந்தது. ஆண் கைதிகளில் 47 சதவீதம் பேருக்குச் சமூக விரோத ஆளுமைக் கோளாறு இருப்பதாக அது சொன்னது. ஹேரின் அளவுகோலில் சைக்கோபதி எல்லையைத் தொடுகிறவர்கள் கைதிகளில் சுமார் 15 முதல் 25 சதவீதம்தான். இரண்டு பெயரையும் குழப்பினால் எத்தனை பேர் மீது தவறான பெயர் விழும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11, அதாவது உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், இன்னும் வேறு மாதிரி: அதில் சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்ற தனிப் பெயரே கிடையாது. ஆளுமைக் கோளாறின் தீவிரத்தை முதலில் குறித்து, அப்புறம் பண்புகளைச் சேர்க்க வேண்டும். எதைப் பயன்படுத்தினீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

நேர்காணலை மட்டும் நம்பி மதிப்பெண் போடுவது

இதைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் என் எரிச்சல் அடங்குவதில்லை.

ஹேரின் பிசிஎல்-ஆர் அளவுகோலில் 20 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மொத்தம் 40. நேர்காணலோடு ஆவணங்களும் வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. ஆவணமே இல்லை என்றால் நேர்காணலை வைத்து மதிப்பெண் போடக் கூடாது. எதிரே இருப்பவர் பொய் சொல்லி ஏமாற்றிவிடலாம், அதனால்தான் இந்த விதி என்று மாணவர்கள் சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் எங்கள் எல்லைப் பகுதியில் அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. உண்மையைச் சொல்பவரைக் கேட்பவர் தவறாகப் படித்துவிடுவது.

செம்மரம் வெட்டிய வழக்கில் ஆந்திரச் சிறை ஒன்றில் விசாரணைக் கைதியாக இருந்தார் ஜவ்வாது மலைக்காரர் ஒருவர். முப்பது வயது இருக்காது. அவரைப் பேட்டி கண்ட மாணவத் தம்பி கெட்டிக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வாசலில் நின்ற வார்டனுக்கும் புரியட்டும் என்று தெலுங்கிலேயே கேட்டிருக்கிறார். தாள் என்னிடம் வந்தபோது மொத்தம் 31, சைக்கோபதி என்று பெயர் விழும் 30-ஐத் தாண்டிய எண்.

ஒவ்வொரு கூறாக உட்கார்ந்து பார்த்தோம். உணர்ச்சி மேலோட்டமானது என்பதற்கு 2. செத்துப்போன அண்ணனைப் பற்றிக் கேட்டதற்கு இரண்டு சொல்லில் பதில் சொன்னாராம். அவருக்குத் தெரிந்தது கூலி வேலையில் கற்ற தெலுங்கு. அதில் அண்ணன் சாவைப் பற்றி அவர் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? வாடிக்கையாகப் பொய் சொல்பவர் என்பதற்கு 2. அவர் சொன்ன ஊரும் வயதும் எஃப்ஐஆரில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்பது காரணம். அந்த எஃப்ஐஆரிலேயே அவருடைய ஊர்ப்பெயர் பக்கத்துக்கு ஒரு மாதிரி எழுதப்பட்டிருந்தது. பொறுப்பின்மைக்கு 2, நீண்டகாலக் குறிக்கோள் இல்லாமைக்கு 2, ஏனென்றால் எந்த வேலையிலும் ஆறு மாதம் தங்கியதில்லை. காப்பித் தோட்டம், கரும்பு வெட்டு, செங்கல் சூளை என்று பருவத்துக்குப் பருவம் போகிற ஜனம் அது. வேலைதான் ஆறு மாதத்துக்குள் முடிந்துபோகிறது. பலவகைக் குற்றங்களுக்கு 2. ஒரே இரவில் நடந்த ஒரே சம்பவத்துக்கு வனச் சட்டம், திருட்டு, அரசு ஊழியரைத் தாக்கியது, கொலை முயற்சி என்று பிரிவு பிரிவாகப் போட்டிருந்ததை வேறு வேறு குற்ற வாழ்க்கையாக எண்ணியிருக்கிறார் தம்பி. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றதால் சிறுவயது நடத்தைப் பிரச்சினைக்கும் 2.

குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்கும் 2 போட்டிருந்தார். வழக்கே முடியவில்லை! 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விசாரணைக் கைதிகள். வக்கீல் சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருப்பவரைக் கல்நெஞ்சர் என்று எழுதுவது என்ன நியாயம்?

போளூர் போய், ஜமுனாமரத்தூர் பஸ் பிடித்து, மலைக்குப் போனோம். உண்டு உறைவிடப் பள்ளியில் தலைமை ஆசிரியர் பழைய வருகைப் பதிவேட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். நீண்ட விடுப்பு விழுந்த இடங்களில் பென்சிலால் "பெற்றோருடன் வெளியூர்" என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். வீட்டுக்குத் தெரியாமல் ஊர்சுற்றும் பிள்ளையும், அப்பா அம்மாவோடு கூலிக்குப் போன பிள்ளையும் நடத்தைக் கோளாறின் கணக்கில் ஒன்றாக முடியாது. அவருடைய அம்மா சொன்னார்: "பெரியவன் போனப்புறம் அவன் புள்ளைங்களுக்கும் இவன்தான் சோறு போட்டான். மேஸ்திரி அட்வான்ஸ் குடுத்தான், இவன் போயிட்டான்." பக்கத்து வீட்டிலும் கேட்டோம். அடிதடி, திருட்டு, மிருகங்களை வதைப்பது எதுவும் இல்லை.

மறுமுறை அவரிடம் தமிழில் பேசினோம். அண்ணன் பேச்சு வந்ததும் நிறுத்திவிட்டார். நெடுநேரம் கழித்து, அண்ணன் மகளுக்குப் பள்ளியில் சீருடை கொடுத்துவிட்டார்களா என்று எங்களைக் கேட்டார். நாங்கள் இருவர் தனித்தனியாகப் புதிதாக மதிப்பெண் போட்டோம். 31 இருந்த இடத்தில் 11 வந்தது.

எனக்கு ஆத்திரம் வருவது இதற்கு மேல் நடந்ததில்தான். மரியாதைக்கு ஒரு பிரதி என்று அந்த 31-ஐ ஏற்கெனவே சிறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டிருந்தார்கள். அது அவருடைய கோப்பில் ஏறிவிட்டது. திரும்பப் பெறக் கடிதம் மேல் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஆய்வுக்காகப் போட்ட மதிப்பெண் சிறைக் கோப்புக்கு ஒருபோதும் போகக் கூடாது. அப்படிப் போகாது என்று சொல்லித்தானே அவரிடம் கையெழுத்து வாங்கினோம்?

இதே தவறு எதிர்ப்பக்கமும் போகும். சீட்டுப் பணத்தை ஏமாற்றிய வழக்கில் வந்த இன்னொருவர் அழகான தமிழ் பேசுவார், அழ வேண்டிய இடத்தில் அழுவார். நேர்காணலை மட்டும் பார்த்த மாணவி 12 போட்டார். அவருடைய அக்காவிடமும் முதல் மனைவியிடமும் பேசிய பிறகு அந்த எண் இரண்டு மடங்கைத் தாண்டியது.

ஆகவே போகும்போதே திட்டமிடுங்கள். எஃப்ஐஆர், குற்றப்பத்திரிகை, பள்ளிப் பதிவேடு வேண்டும். 15 வயதுக்கு முன் அவரை அறிந்தவர்கள் இருவரிடமாவது பேச வேண்டும், ஒருவர் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் தெலுங்கு சரளமாகப் பேசுவார்கள், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. குற்றப்பத்திரிகையைப் படிக்கத் தெரிந்தவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். தகவல் கிடைக்காத கூறை விட்டுவிடலாம். ஐந்து கூறுகள் வரை விட்டு மீதியிலிருந்து மொத்தத்தைக் கணக்கிட அளவுகோலே இடம் தருகிறது. தெரியாததற்கு 2 போட அது இடம் தரவில்லை.

மதிப்பிடுபவர் இரண்டு பேர், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல். அனுபவசாலிகளுக்கும் இது பொருந்தும். 2013-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், நூற்றுக்கும் மேற்பட்ட தடயவியல் உளவியலாளர்களிடமும் மனநல மருத்துவர்களிடமும் ஒரே கோப்புகளைக் கொடுத்தார்கள். அரசுத் தரப்பு தங்களை அமர்த்தியதாக நம்பியவர்கள், எதிர்த்தரப்புக்கு வேலை செய்வதாக நம்பியவர்களைவிட அதிக மதிப்பெண் போட்டார்கள்.

30 என்ற கோடு

பிசிஎல்-ஆரில் இதற்கு மேல் சைக்கோபதி என்று வட அமெரிக்கச் சிறைகளில் வைத்த கோடு. ஐரோப்பிய ஆய்வுகள் பலவற்றில் 25. நம் ஊர்க் கைதியிடம் 29-ஐயும் 30-ஐயும் இரண்டு சாதியாகப் பிரிக்காதீர்கள். மதிப்பெண்ணை எண்ணாகவே எழுதுங்கள்.

18 ஆகாதவருக்குப் பெயர் வைப்பது

கூடாது.

வார்டன் முன்னால் சம்மதம் வாங்குவது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகள் கைதிகளை எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களாகக் கருதுகின்றன. பார்வை எட்டும் தூரத்தில் வார்டன் இருக்கட்டும், காது எட்டும் தூரத்தில் வேண்டாம். பிஸ்கட் பாக்கெட்கூடச் சிறைக்குள் ஒரு விலைதான். அதை நேர்காணலுக்கு முன்னால் நீட்டாதீர்கள்.

ஸ்கேனைக் காட்டித் தீர்ப்புச் சொல்வது

அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் கென்ட் கீல் நியூ மெக்சிகோவில் எம்ஆர்ஐ கருவியை வண்டியில் ஏற்றிச் சிறைகளுக்கே கொண்டுபோனார். அமிக்டலா உள்ளிட்ட மூளைப் பகுதிகளில் வேறுபாடுகளைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. அவை எல்லாம் குழுவின் சராசரி. எதிரே உட்கார்ந்திருக்கும் தனி ஒருவரைப் பற்றி அவற்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

"சிகிச்சை கிடையாது" என்று எழுதிவிடுவது

இந்த வரி பெரும்பாலும் கனடாவின் ஓக் ரிட்ஜ் மனநல மருத்துவமனை அனுபவத்திலிருந்து வருகிறது. 1992-இல் வந்த ஆய்வு, அங்கே குழுச் சிகிச்சைக்கு உட்பட்ட சைக்கோபதிக்காரர்கள், சிகிச்சை பெறாதவர்களைவிட அதிகமாக வன்முறைக்குத் திரும்பியதாகச் சொன்னது. அது என்ன சிகிச்சை என்று யாரும் படிப்பதில்லை. விருப்பத்தைக் கேட்காமல் சேர்த்து, நாள்கணக்கில் ஆடையின்றி ஓர் அறையில் குழுவாக அடைத்து, எல்எஸ்டி கொடுத்தார்கள். அதைச் சிகிச்சை என்று வைத்துக்கொண்டு எல்லாக் கதவையும் சாத்துவது நியாயமில்லை. அமெரிக்காவில் விஸ்கான்சினின் மெண்டோட்டா சிகிச்சை மையத்தில் வன்முறைக் குற்றங்களில் சிக்கிய இளைஞர்களுக்கு நாள்தோறும் நடத்தையைக் கவனித்து, நன்றாக நடந்தால் உடனுக்குடன் சலுகை கொடுத்துத் தீவிரமாக வேலை செய்தார்கள். வெளியே வந்தபின் அவர்களிடம் வன்முறைக் குற்றம் குறைவாகவே இருந்தது.

பரிந்துரைக் கட்டத்தை வெற்றாக விடாதீர்கள். குடி இருக்கிறதா, கோபம் எந்த இடத்தில் மிஞ்சுகிறது, வெளியே யார் காத்திருக்கிறார்கள், அவர்களுடன் பேசத் தொலைபேசி நேரம் கிடைக்கிறதா, வழக்கு அவருக்குப் புரிகிற மொழியில் நடக்கிறதா என்று விசாரித்து, அதில் செய்யக்கூடியதை எழுதுங்கள்.