தீவனத் தொட்டி வெறுமையாக இருக்கட்டும்: வீட்டில் திருவருகைக் காலத்தைக் கடைப்பிடிக்கும் முறை

நிறைமாதப் பெண் இருக்கும் வீட்டில் யாரும் சும்மா உட்கார்ந்து காத்திருப்பதில்லை. பழைய பருத்திச் சேலையைத் துவைத்துக் காயவைத்து மடித்து வைக்கிறார்கள், தூளிக்குக் கயிறு பார்க்கிறார்கள், மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் பையைக் கதவருகே வைக்கிறார்கள். இரவில் ஒரு சிறு முனகல் கேட்டாலும் விழித்துக்கொள்கிறார்கள். குழந்தை இன்னும் பிறக்கவில்லை என்றாலும் வீடு முழுவதும் அதைச் சுற்றியே இயங்கத் தொடங்கிவிடுகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களான திருவருகைக் காலம் என்றால் என்னவென்று என்னிடம் கேட்கும் இளம் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வீட்டைப் பற்றித்தான். மரியா நிறைமாதமாக இருந்த நாள்களை நாமும் அவருடன் வாழ்ந்து பார்க்கும் காலம் இது.

நம் ஊர்களில் நவம்பர் முடிவதற்குள் ஸ்டார் கட்டிவிடுகிறோம். டிசம்பர் முதல் வாரத்திலேயே கேக் வெட்டத் தொடங்கிவிடுகிறோம். 25-ஆம் தேதி விடியும்போது எல்லாரும் களைத்துப்போயிருக்கிறோம். அந்தக் களைப்பைத் தவிர்த்து, நான்கு வாரங்களையும் ஒரு வீடாகச் சேர்ந்து கடைப்பிடிக்க விரும்புவோருக்காக, முதல் முறை தொடங்குவோருக்கு ஏற்ற விதத்தில் இந்தச் செய்முறையை எழுதுகிறேன். நான் கத்தோலிக்க வழக்கத்தைக் கொண்டே விளக்குகிறேன் என்றாலும், இக்காலத்தைக் கடைப்பிடிக்கும் சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைக் குடும்பங்களும் இதைச் சிறு மாற்றங்களுடன் பின்பற்றலாம்.

முதல் படி: நாளைக் குறித்தல்

புனித அந்திரேயாவின் விழா நவம்பர் 30. அந்த நாளுக்கு மிக அருகில் வரும் ஞாயிறே திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு; அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் விழும். 2026-இல் அது நவம்பர் 29. இக்காலம் டிசம்பர் 24 மாலையுடன் முடிவதால், ஆண்டைப் பொறுத்து 22 நாள்களிலிருந்து 28 நாள்கள் வரை நீடிக்கும். வீட்டுக் காலண்டரில் நான்கு ஞாயிறுகளையும் ஊதா நிறத்தில் வட்டமிடுங்கள். டிசம்பர் 17-ஐ மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

இரண்டாம் படி: வளையம் செய்தல்

நான்கு மெழுகுதிரிகள் நிற்கும் பசுமையான வளையம் ஜெர்மனியிலிருந்து வந்த வழக்கம். ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கான இல்லத்தை நடத்திவந்த லுத்தரன் போதகர் யோஹான் ஹின்ரிஹ் விஹெர்ன், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்காக, 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தின் மேல் மெழுகுதிரிகளை நிறுத்தினார்: ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரிகள் நான்கு, வார நாள்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகள். நாளுக்கொன்றாக ஏற்றும்போது, மீதமுள்ள நாள்களைப் பிள்ளைகள் தாங்களே எண்ணிக்கொண்டார்கள்.

நம் வீட்டிற்கு ஓர் அகலமான பித்தளைத் தாம்பாளம் போதும். அதில் இரண்டு விரல் உயரத்திற்கு ஈர மணலைப் பரப்பி, நான்கு மெழுகுதிரிகளைச் சம இடைவெளியில் ஆழமாக ஊன்றுங்கள். மூன்று ஊதா, ஒன்று ரோஸ் நிறம் என்பது வழக்கம். ஊதா நிற மெழுகுதிரி நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை; வெள்ளை மெழுகுதிரியின் அடியில் ஊதா ரிப்பனைக் கட்டினாலும் நிறைவாகவே இருக்கும். பசுமைக்குச் சவுக்குக் கிளையே எனக்குப் பிடித்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை: சவுக்கு ஒரு வாரத்தில் காய்ந்துவிடும், காய்ந்த ஊசியிலை சட்டென்று பற்றிக்கொள்ளும். நாங்கள் தொடங்கிய முதல் ஆண்டில், இரண்டாம் வாரச் செபத்தின் நடுவே, முதல் வாரம் வைத்த கிளையின் நுனி திரியைத் தொட்டுப் புகைந்துவிட்டது. மணல் ஈரமாக இருந்ததால்தான் தப்பினோம். அன்று முதல் சனிக்கிழமைதோறும் கிளைகளை மாற்றுகிறேன், மெழுகுதிரிக்கும் இலைக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விடுகிறேன், செபம் முடிந்ததும் திரியை அணைக்காமல் யாரும் எழுந்து போவதில்லை.

மூன்றாம் படி: மாலைச் செபம்

இதுவே இக்காலத்தின் நடுநாடி என்பதால், மற்றவை எல்லாம் விட்டுப்போனாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சனிக்கிழமை மாலையில் தொடங்குங்கள்; திருச்சபையின் கணக்கில் ஞாயிறு அந்த மாலையிலேயே பிறந்துவிடுகிறது. தொலைக்காட்சியை அணைத்து, கைப்பேசிகளை வேறோர் அறையில் வைத்துவிட்டு, கடைசியாக அறையின் மின்விளக்கையும் அணையுங்கள். ஒரு நிமிடம் இருட்டில் அமைதியாக இருங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் வெளியே தவளைச் சத்தமோ, ஓட்டிலிருந்து நீர் சொட்டும் ஓசையோ கேட்கக்கூடும். “காரிருளில் நடந்துவந்த மக்கள்” என்று எசாயா இறைவாக்கினர் 9-ஆம் அதிகாரத்தில் சொல்வதை எத்தனை மறையுரையில் கேட்டாலும் வராத புரிதல், இந்த ஒரு நிமிட இருட்டில் பிள்ளைகளுக்கு வந்துவிடும். பிறகு வீட்டில் மிகச் சிறியவர் முதல் திரியை ஏற்றட்டும். பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். திருவிவிலியத்திலிருந்து அந்த ஞாயிற்றின் நற்செய்தியை ஒருவர் நிதானமாக வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் விளக்கம் சொல்ல அவசரப்படாமல், மனத்தில் தைத்த ஒரு சொல்லை ஒவ்வொருவரும் சொன்னால் போதும். “வாரும், ஆண்டவராகிய இயேசுவே” என்று மூன்று முறை சேர்ந்து சொல்லி, தெரிந்த பாடல் ஒன்றுடன் முடியுங்கள். பத்து நிமிடத்திற்கு மேல் நீட்ட வேண்டாம்.

வார நாள்களில் இரவு உணவுக்கு முன் அதே திரியை ஏற்றி ஒரு சிறு மன்றாட்டு. இரண்டாம் வாரம் இரண்டு திரிகள், மூன்றாம் வாரம் ரோஸ் நிறத் திரியும் சேர்ந்து மூன்று. ‘மகிழுங்கள்’ என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதிய சொல்லால் அந்த மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு எனப் பெயர் பெற்றது; தவத்தின் ஊதாவுக்கு நடுவே விடியலின் நிறம் அன்று எட்டிப்பார்க்கிறது. பலகாரம் ஏதேனும் சுட வேண்டும் என்று தோன்றினால் அந்த ஞாயிற்றுக்குச் சுடுங்கள்.

நான்காம் படி: நான்கு நற்செய்திகளுடன் நடத்தல்

ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன. 2026-இன் திருவருகைக் காலம் இரண்டாம் ஆண்டைத் தொடங்கிவைக்கிறது. முதல் ஞாயிறு மாற்கு 13:33-37: தலைவர் மாலையிலோ, நள்ளிரவிலோ, சேவல் கூவும் வேளையிலோ, காலையிலோ வரலாம் என்பதால் விழித்திருக்கும்படி பணிக்கப்பட்ட வாயில் காவலர். இரவுப் பணியில் இருக்கும் செவிலியரோ காவலாளியோ உங்கள் வீட்டில் இருந்தால், அன்று அவரை வாசிக்கச் சொல்லுங்கள். அந்த நான்கு சாமங்களின் நீளம் அவருக்குத்தான் தெரியும். இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகள் திருமுழுக்கு யோவானுக்கு உரியவை (மாற்கு 1:1-8, யோவான் 1:6-8, 19-28). நான்காம் ஞாயிற்றில், லூக்கா 1:26-38-இல், வானதூதர் கபிரியேல் மரியாவின் வீட்டிற்குள் வருகிறார்.

இக்காலத்தின் வாசகங்கள் பெத்லகேமை மட்டும் நோக்கியவை அல்ல. முடிவில் மாட்சியுடன் வரப்போகும் கிறிஸ்துவுக்காகக் காத்திருப்பதும் இதில் அடங்கும்; முதல் வாரங்களில் அதுவே மேலோங்கி நிற்கிறது. ‘எதிர்நோக்கு’ என்று நாம் சொல்லும் சொல்லில் எவ்வளவு பொருள் இருக்கிறது பாருங்கள்: வருகிறவரைத் தெரு முனைவரை போய் எதிர்கொண்டு அழைப்பது நம் வழக்கம், அவர் வரும் திசையிலேயே கண் பதித்திருப்பது நோக்கு.

ஐந்தாம் படி: ஒரு வைக்கோல், ஒரு நற்செயல்

குடிலை முழுவதுமாக ஒரே நாளில் கட்டாதீர்கள். முதல் வாரத்தில் தீவனத் தொட்டியை மட்டும் செய்து, வெறுமையாக வளையத்தின் அருகே வையுங்கள். தீப்பெட்டி அட்டையே போதும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் விரல் நீளத்திற்கு நறுக்கிய வைக்கோல். யாராவது ஒருவருக்கு மனமுவந்து ஒரு நன்மை செய்தால், அதைச் சொல்லிக்கொள்ளாமல் ஒரு வைக்கோலை எடுத்துத் தொட்டியில் இட வேண்டும்: தனியாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மருந்து வாங்கிக் கொடுத்தது, பேச்சு நின்றுபோன உறவினரை முதலில் அழைத்தது, வெடுக்கென்று வந்த சொல்லை விழுங்கியது. பாலன் படுக்கும் மெத்தை இப்படித்தான் நிரம்ப வேண்டும் என்று சொன்னால் நான்கு வயதுக் குழந்தைக்கும் புரிகிறது. ‘சொல்லிக்கொள்ளாமல்’ என்பதில் உறுதியாக இருங்கள், யார் எத்தனை இட்டார்கள் என்று கணக்குப் பார்க்கவும் வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு நாள் தொட்டியில் ஒரு பிடி வைக்கோல் ஒரே நேரத்தில் விழுந்திருந்தது. யார் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

ஆறாம் படி: ஒப்புரவு

உங்கள் பங்கு ஆலயத்தில் ஒப்புரவு அருளடையாளத்திற்கான, அதாவது பாவ அறிக்கைக்கான நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, டிசம்பர் இரண்டாம் வாரத்திற்குள் சென்றுவிடுங்கள். கடைசி இரண்டு நாள்களில் வரிசை நீண்டுவிடும், மனமும் துணிக்கடையில் இருக்கும்.

ஏழாம் படி: டிசம்பர் 17 முதல்

இங்கிருந்து நடை வேகம் கூடுகிறது. டிசம்பர் 17 முதல் 23 வரை, திருச்சபையின் மாலைப் புகழ்ச்சியில் மரியாவின் பாடலுக்கு முன்னே நாளுக்கொரு பெயரால் மெசியாவை அழைக்கும் தொன்மையான முன்மொழிகள் உண்டு: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதிக்கும் விடியலே, மக்களினங்களின் அரசே, இம்மானுவேலே. இலத்தீனில் இவற்றின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து சேர்த்தால் ‘எரோ கிராஸ்’ என்று வரும். ‘நாளை வருவேன்’ என்பது அதன் பொருள். ஏழு சிறு தாள்களில் இந்தப் பெயர்களை எழுதி மடித்து, மாலைதோறும் ஒன்றைப் பிரித்து, அந்தப் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டு ஒரு கணம் அமைதி காக்கலாம். குடிலின் ஓலை, மண், ஆடு மாடுகள், இடையர்கள், மரியா, யோசேப்பு எல்லாரும் இந்த நாள்களில் ஒவ்வொருவராக இடம்பெறட்டும்.

24-ஆம் தேதி இரவு, திருப்பலிக்குக் கிளம்பும்போது தொட்டியில் வைக்கோல் மட்டும் இருக்கும். நான்கு வாரங்களாக ஞாயிறு திருப்பலியில் பாடாமல் நிறுத்திவைத்திருந்த ‘உன்னதங்களிலே’ பாடல் அன்று ஆலய மணிகளுடன் திரும்பி வரும்; பிள்ளைகளின் காதில் அதைச் சொல்லி வையுங்கள், அவர்கள் அதற்காகவே விழித்திருப்பார்கள். வீடு திரும்பியதும் விளக்கைப் போடாமல் நான்கு திரிகளையும் ஏற்றுங்கள். துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்த பாலன் சுரூபத்தை வீட்டில் மிக மூத்தவர் எடுத்துவந்து, மிகச் சிறியவரின் கையில் கொடுக்க, அவர் அதை வைக்கோலின் மேல் கிடத்தட்டும்.