லெமன் பீ பாம்: சேலத்திலும் ஏற்காட்டிலும் விதைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு விதை வாங்கும்போதே நடந்துவிடுகிறது. ஆன்லைனில் ‘லெமன்’ என்று தட்டினால் லெமன் பாம், லெமன் பேசில், லெமன் கிராஸ், லெமன் பீ பாம் என்று வரிசையாக வந்து நிற்கும். நான்கிலும் எலுமிச்சை வாசனை உண்டு, செடிகள் மட்டும் வேறு வேறு. டீயில் போட இலைதான் வேண்டும் என்றால் லெமன் பாம் வாங்குங்கள். அதன் பூ வெள்ளையாக, சின்னதாக, இருப்பதே தெரியாது. பூவுக்காக வளர்ப்பது லெமன் பீ பாம். தாவரவியல் பெயர் மொனார்டா சிட்ரியோடோரா. துளசி, புதினா குடும்பம். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூ, தண்டைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு வைத்து வரும். இலையைக் கசக்கினால் முதலில் எலுமிச்சை அடிக்கும், பின்னாலேயே ஓமம் அடிக்கும். ஓமத்துக்கு வாசனை தரும் அதே தைமால் இதிலும் இருக்கிறது. ஆசையாக டீ போட்டுவிட்டு ‘என்னங்க, ஓமவாட்டர் குடிச்ச மாதிரி இருக்கு’ என்று குறைப்பட்டால் செடி என்ன செய்யும்?

பருவம் தப்புவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. இது டெக்சஸ், வடக்கு மெக்சிகோ பக்கத்துச் செடி. ‘வசந்த காலத்தில் விதைக்கவும், முழு வெயில் தேவை’ என்று பாக்கெட்டில் அச்சடித்திருப்பார்கள். அங்கே வசந்தம் என்றால் குளிர் விட்டு மெல்ல வெயில் ஏறும் நேரம். அதை நம்பி சேலத்தில் மாசி, பங்குனியில் விதைத்தால், நாற்று நாலு இலை விடும்போது சித்திரை வந்துவிடும். மத்தியானம் 40 டிகிரியை எட்டுகிற ஊரில், மொட்டை மாடித் தளத்தில் வைத்த தொட்டி அடியிலிருந்தும் வேகும். சரி, ஆடிப்பட்டம் தேடி விதைக்கலாமா என்றால் அதுவும் இதற்கு ஒத்துவராது. புரட்டாசி, ஐப்பசியில் சேலத்தில் கொட்டும் மழையில் இளம் செடி வேரழுகிப் போகும். முளைக்க ஏற்ற சூடு 20 டிகிரியை ஒட்டியது. அதனால் சேலத்துக்காரர்கள் ஐப்பசி கடைசியில், மழை படாத தாழ்வாரத்தில் விதைப்பதே நல்லது. கார்த்திகையில் வெயிலுக்கு மாற்றினால், மாசியில் பூ பார்க்கலாம்.

கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு போனால் கணக்கே மாறும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,400 முதல் 1,500 மீட்டர். அங்கே ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு மூடுபனியும் சேர்ந்து இலை காயவே காயாது. இந்தச் செடிக்குப் பெரிய எதிரியான சாம்பல் நோய்க்கு காற்றில் நிற்கும் அந்த ஈரப்பதமும் காற்றோட்டமில்லாத நெருக்கமும் போதும். மலையில் இருப்பவர்கள் தை கடைசியில் விதைக்கட்டும். கோடை விழா மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் வரும் மே மாதத்தில் வீட்டிலும் பூத்திருக்கும்.

விதை மிகச் சின்னது. கீரை விதை மாதிரி தூவி, மேலே ஒரு கைப்பிடி மண் போட்டு மூடுவதுதான் நம் கைப்பழக்கம். இதற்கு வெளிச்சம் பட்டால்தான் முளைப்பு நன்றாக இருக்கும். நாற்று ட்ரேயில் ஈரப்படுத்திய மண் கலவையின் மேல் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும், மூடவே வேண்டாம். அப்புறம் மக்கில் தண்ணீர் ஊற்றினால் அத்தனை விதையும் ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போய், அங்கே மட்டும் கொத்தாக முளைத்து, காற்றில்லாமல் நாற்றழுகலில் சாயும். ட்ரேயை ஒரு தட்டுத் தண்ணீரில் வைத்து, அடித்துளை வழியாக உறிஞ்ச விடுங்கள். மேல் மண் நிறம் கருத்ததும் எடுத்துவிடலாம்.

அந்தத் தண்ணீர் எது என்பதும் முக்கியம். சேலத்தில் பல வீட்டு போர் தண்ணீரில் உப்பு அதிகம். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். வளர்ந்த செடி தாங்கும், நாற்று தாங்காது. குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ நாற்றுக்கு ஒதுக்குங்கள். கோகோபீட் என்கிற தேங்காய் நார்த் தூளையும் இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்தபின் கலவையில் சேருங்கள், அதிலும் உப்பு இருக்கும்.

முளைக்க ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை ஆகலாம். இந்த இடைவெளியில்தான் வேடிக்கை. தோட்டத்து மண்ணைக் கலந்திருந்தால் அதிலிருந்து கீழாநெல்லியும் குப்பைமேனியும் முந்திக்கொண்டு வரும். அதை வெளிநாட்டுச் செடி என்று ராஜ மரியாதையோடு வளர்த்து, போட்டோவும் அனுப்புவார்கள். சந்தேகமாக இருந்தால் மூன்றாவது ஜோடி இலை வரும்வரை பொறுத்திருந்து, ஓர் இலையை விரலில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். எலுமிச்சை வாசனை வராவிட்டால் பிடுங்கி எறியலாம். கொஞ்சம் வளர்ந்தபின் தண்டை உருட்டிப் பார்த்தால் துளசிக்கு இருப்பதுபோல நாலு பட்டையாக இருக்கும்.

ஆணிவேர் இறங்கிவிட்ட பிறகு பிடுங்கி நட்டால் செடி முகம் வாடி உட்கார்ந்துவிடும். சின்னதிலேயே மாற்றுங்கள், இல்லாவிட்டால் குரோ பேக்கிலேயே நேரடியாக விதையுங்கள். செடிக்குச் செடி ஒரு அடி இடைவெளி. கூட முளைத்ததைக் கலைக்க மனசு வராதுதான், ஆனாலும் கத்தரிக்கோலால் அடியோடு வெட்டிவிட வேண்டும். அரை அடி உயரத்தில் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும். உரம் அதிகம் வேண்டாம். சாணி உரத்தை அள்ளிப் போட்டால் இலை தளதளவென்று வரும், பூ வராது, தண்டும் காற்றுக்குச் சாயும். பூத்தபின் தேனீ வரும் என்பதால் எந்தப் பூச்சிமருந்தும் அடிக்காதீர்கள், வேப்பெண்ணெய்க் கரைசலைக்கூட சாயங்காலத்துக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள்.

பூத்து முடிந்ததும் செடி காய ஆரம்பிக்கும். பதறிப்போய் தண்ணீரையும் உரத்தையும் கூட்ட வேண்டாம். இது ஒரு பருவச் செடி, அதன் ஆயுசு அவ்வளவுதான். பூ அடுக்குகள் பழுப்பாகிக் காய்ந்தபின் வெட்டி, காகிதப் பைக்குள் தலைகீழாகப் போட்டு உதறினால் விதை கொட்டும். ஈரமில்லாமல் காயவைத்து, பெயரும் மாதமும் எழுதி ஒட்டி வையுங்கள். அடுத்த ஐப்பசிக்கு விதை தேடி ஆன்லைன் போக வேண்டியதில்லை.